எண்ணூர்க் கழிமுகம்: கணக்கைக் கேட்ட ஊர்

விஜய் யூரியா மூட்டையைத் தோளில் ஏற்றாத உழவர் தமிழ்நாட்டில் குறைவு. அது சென்னைக்கு வடக்கே மணலியில் உள்ள மெட்ராஸ் பெர்டிலைசர்ஸ் ஆலையில் நிரம்பி வந்தது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, எண்ணூர்க் கடற்கரையில் காம்ப்ளக்ஸ் உரம் தயாராகிறது. எந்த உர மூட்டையானாலும் அதில் தழைச்சத்து எத்தனை சதம், மணிச்சத்து எத்தனை சதம் என்று அச்சிட்டிருக்க வேண்டும். 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணை அப்படிச் சொல்கிறது. சந்தேகம் வந்தால் உர ஆய்வாளர் மாதிரி எடுப்பார், ஆய்வகம் முடிவு சொல்லும். மூட்டைக்குள் இருப்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமை வாங்குகிறவருக்கு உண்டு என்பதில் யாருக்கும் இன்று ஐயமில்லை.

உரம் தயாராகும் ஊரில் இருப்பவர்கள் கேட்பதும் இதைத்தான். புகைபோக்கி வழியாக என்ன போகிறது? வாய்க்காலில் என்ன கலக்கிறது? அதை அளந்தவர் யார், அளந்த தாள் எங்கே இருக்கிறது?

அந்த ஊரைப் பார்க்க நல்ல வழி சென்ட்ரலில் இருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயில். சாலை வழியாகப் போவதென்றால் ராயபுரத்தில் தொடங்கலாம். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜாபேட்டைப் பக்கம் புறப்பட்ட நிலையக் கட்டடம் இன்றும் அங்கே நிற்கிறது. அடுத்து காசிமேடு மீன்பிடித் துறைமுகம். விடியும் முன்பே ஏலச் சத்தம் கேட்கும். அதைத் தாண்டினால் எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகள். திருவொற்றியூரில் தியாகராஜர் கோயிலும், கடலோரத்தில் பட்டினத்தார் சமாதியும் உண்டு. மண்ணரிப்புக்குப் பயந்து கரை நெடுகக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். எர்ணாவூர், கத்திவாக்கம் கடந்தால் எண்ணூர். ரயிலில் போகிறவர் எண்ணூரை விட்டு அத்திப்பட்டு புதுநகர் போகும் முன் சன்னலோரம் உட்கார வேண்டும். கொசஸ்தலையாறு கடலுக்குப் போகும் அகன்ற நீர்ப்பரப்பு அங்கே விரியும். இடுப்பளவு நீரில் நின்று கையால் இறால் தடவிப் பிடிப்பவர்களும் தெரிவார்கள், அவர்களுக்குப் பின்னால் அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகளும் மின்கோபுரங்களும் தெரியும்.

பூண்டி ஏரியின் உபரி நீர் கடைசியில் வந்து சேரும் வாசல் இது. திருவள்ளூர் மாவட்டத்து வயல்களில் மழைக்காலத்தில் தேங்கும் தண்ணீர் இந்த வழியாக வடிந்தால்தான் நடவுப் பயிர் பிழைக்கும். ஆகவே முகத்துவாரம் தூர்ந்தால் அது மீனவர் கவலையோடு நிற்காது, பொன்னேரி, மீஞ்சூர் நெல் விவசாயியையும் தொடும். மீஞ்சூர்க்காரர்களுக்கு இந்தத் தொழிற்பேட்டையோடு இன்னொரு பழைய கணக்கும் உண்டு. 1960-களின் கடைசியிலிருந்து அந்த வட்டாரத்துக் குழாய்க்கிணறுகளின் நீர் மணலி ஆலைகளுக்குப் போனது. இறைப்பு மிஞ்சியதும் கடல்நீர் நிலத்தடியில் உள்ளே ஏறி, கிணறுகள் உவர்த்துப் போயின.

எண்ணூரின் கதையில் உழவருக்கு உடனே புரியக்கூடியது வரைபடத் தகராறு. ஒரே சர்வே எண்ணுக்கு இரண்டு எஃப்.எம்.பி. இருந்தால் என்ன நடக்கும் என்று கிராமத்தில் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1991-இல் மத்திய அரசு கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை வெளியிட்டது. அதன்படி ஒவ்வொரு மாநிலமும் தன் கடற்கரைக்கு வரைபடம் போட வேண்டும். தமிழ்நாட்டின் திட்டத்துக்கு 1996 செப்டம்பரில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. அந்த வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் சுமார் 6,500 ஏக்கர் அளவுக்கு, கட்டுமானம் கூடாத முதல் வகை மண்டலமாகக் குறிக்கப்பட்டிருந்தது. பின்னர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது வேறொரு வரைபடமும் வெளியே வந்தது. அதில் கழிமுகமே இல்லை. ஆறு ஓடுகிறது, அலை ஏறி இறங்குகிறது, ஆனால் தாளில் காணோம்! இரண்டாவது வரைபடம் போலி என்று மீனவர்களும் சூழலியல் குழுக்களும் 2017-இல் பகிரங்கமாகச் சொன்னார்கள். வரைபடம் மட்டும் அலுவலக அலமாரியிலேயே இருந்திருந்தால், எந்த அடிப்படையில் நீர்ப்பரப்பில் மண் கொட்டப்படுகிறது என்று யாரும் கேட்டிருக்க முடியாது.

அதே 2017-ஆம் ஆண்டின் ஜனவரி 28 அதிகாலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் மாசு போன்ற பாதிப்பு எதுவும் இல்லை என்று முதலில் அறிக்கை வந்தது. அடுத்த சில நாளில் எர்ணாவூர்க் கரையில் ஆட்கள் வரிசையாக நின்று தார் போன்ற எண்ணெயை வாளியில் மொண்டார்கள். அந்தப் படத்தை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மீண்டும் எண்ணெய் வந்தது. இந்த முறை மணலியிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்துக்கு. படகு, வலை, அலையாத்தி மரம் எல்லாம் கறுத்தன. தங்கள் குழாயில் கசிவில்லை என்று சுத்திகரிப்பு நிறுவனம் சொன்னது. எண்ணெய் அந்த வளாகத்திலிருந்துதான் வெள்ளத்தோடு வந்தது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பசுமைத் தீர்ப்பாயத்தில் தெரிவித்தது. இரண்டு தடவையும் முதல் நாள் வாய்ச்சொல்லை நம்பியிருந்தால் துப்புரவு இன்னும் தாமதமாகியிருக்கும்.

மூன்றாவதாக ஒரு சம்பவத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், அது கொஞ்சம் வேறு மாதிரி நடந்தது. 2023 டிசம்பர் 26 இரவு, பெரியகுப்பத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் கண்ணெரிச்சலிலும் மூச்சுத் திணறலிலும் எழுந்து ஓடினார்கள். கப்பலிலிருந்து கோரமண்டல் உர ஆலைக்குத் திரவ அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்து எண்ணைச் சொன்னது: ஆலை வாசல் அருகே காற்றில் ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம், இருக்க வேண்டிய வரம்பு 400. கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம், வரம்பு 5. அந்த எண் ஊரார் கைக்கு வந்தபின் 'கொஞ்சம் வாசனைதான்' என்று சொல்லிக் கடக்க வழியில்லை. உற்பத்தி நிறுத்தப்பட்டது. காம்ப்ளக்ஸ் மூட்டையைப் பிரிக்கும் உழவர், அதிலுள்ள தழைச்சத்து இந்தக் கரை வழியாகத்தான் உள்ளே வந்தது என்பதையும் நினைத்துப் பார்க்கலாம்.

சாம்பல் விஷயம் இவ்வளவு பரபரப்பானதில்லை, ஆனால் நாள்பட்டது. வடசென்னை அனல்மின் நிலையம் 1990-களின் நடுவில் ஓடத் தொடங்கியது. நிலக்கரி எரித்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, குழாய் வழியாகச் சேப்பாக்கம் பக்கத்துச் சாம்பல் குளத்துக்குத் தள்ளுகிறார்கள். (இது நகருக்குள் இருக்கும் சேப்பாக்கம் அல்ல, அத்திப்பட்டு அருகே உள்ள சிற்றூர்.) குழாய் ஓட்டையாகும் இடமெல்லாம் சாம்பல் கழிமுகத்தில் படிந்தது. ஆள் மூழ்கும் ஆழம் இருந்த இடத்தில் இன்று முழங்கால் நனைகிறது என்பது மீனவர் பேச்சு. 2022-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இந்தக் கேட்டுக்கு மின்வாரியம் பொறுப்பேற்க வேண்டும் என்று சொன்னது. இங்கே ஒரு எச்சரிக்கை: சாம்பல் என்றதும் குப்பைக்குழியில் போடும் விறகுச் சாம்பலை நினைக்கக் கூடாது. நிலக்கரிச் சாம்பலில் போரான், ஆர்செனிக், ஈயம் போன்றவை சிறிதளவேனும் இருக்கும். எந்தக் கரி, எந்த ஆலை என்பதைப் பொறுத்து அளவு மாறும். ஆய்வு முடிவைப் பார்க்காமல் வயலில் போடுவது மூட்டை எழுத்தைப் படிக்காமல் மருந்தடிப்பது போல.

இந்தத் தாள்களையெல்லாம் கேட்கச் சட்டத்தில் இடமிருக்கிறதா என்றால், பலரும் நினைப்பதைவிட அதிகமாகவே இருக்கிறது. 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, ஒவ்வொரு ஆலைக்கும் விதித்த இசைவாணை நிபந்தனைகளை வாரியம் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும் என்கிறது. அந்தக் கழிவுநீரால் பாதிக்கப்படுகிறவர் உரிய நேரத்தில் போய் அந்தப் பதிவேட்டைப் பார்க்கலாம் என்றும் சொல்கிறது. ஐம்பதாண்டு பழைய இந்த வரியை எத்தனை கிராமங்கள் பயன்படுத்தியிருக்கும்? 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி பெரிய திட்டத்துக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும், சுருக்கத்தை வட்டார மொழியில் வைக்க வேண்டும். கட்டாயம் சுருக்கத்துக்கு மட்டும்தான். முழு அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில், நூற்றுக்கணக்கான பக்கங்களில் கிடக்கும். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கு 2021-இலும் 2023 செப்டம்பரிலும் கூட்டத்துக்குத் தேதி குறித்துத் தள்ளிவைத்தார்கள். இனி எந்தத் தேதி வந்தாலும் அந்தப் பக்கங்களை யாராவது ஊராருக்குத் தமிழில் சொல்லியாக வேண்டும். ஆலைகள் வெளியிடும் மாசு அளவை இடைவிடாமல் அளந்து வாரியத்தின் இணையதளத்தில் மக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்று 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

காட்டாமலிருக்க வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் வியாபார ரகசியம். இதை உழவர்கள் ஏற்கெனவே பி.டி. கத்தரி விஷயத்தில் கேட்டிருக்கிறார்கள். அந்த விதையின் பாதுகாப்புச் சோதனைத் தரவுகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது நிறுவனம் மறுத்தது. மத்திய தகவல் ஆணையம் கொடுக்கச் சொன்னது, நீதிமன்றம் வரை போய், 2008-இல் தரவுகள் வெளியிடப்பட்டன. வெளி ஆய்வாளர்கள் படித்துப் பார்த்துக் கேள்வி எழுப்பினார்கள். 2010 பிப்ரவரி 9 அன்று மத்திய அரசு பி.டி. கத்தரிக்கு அனுமதியை நிறுத்திவைத்தது. அந்த விதை நல்லதா கெட்டதா என்பது தனி விவாதம். நிறுவனம் தானே செய்த சோதனையை மற்றவரும் சரிபார்க்க முடிந்தது என்பதே இங்கே முக்கியம்.

வெளிப்படை என்ற சொல்லைத் திருப்பிப் பிடித்த கதையும் உண்டு. அமெரிக்காவில், அடிப்படைத் தரவு முழுவதும் பொதுவில் இல்லாத ஆய்வைச் சுற்றுச்சூழல் விதி வகுக்கப் பயன்படுத்தக் கூடாது என்று 2015-இலும் 2017-இலும் கீழவை மசோதா நிறைவேற்றியது. மேலவையில் அது தேறவில்லை. பிறகு 2021 ஜனவரியில் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமையே அதே போக்கில் ஒரு விதி கொண்டுவந்தது. அடுத்த மாதமே நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் புகையால் நோயுற்றவர்களின் மருத்துவ விவரத்தைப் பெயரோடு வெளியிட முடியாது. வெளியிடாவிட்டால் ஆய்வே செல்லாது என்றால் லாபம் புகைபோக்கிக்காரருக்கு. பெரியகுப்பத்தில் அன்றிரவு மருத்துவமனைக்கு ஓடியவரின் சீட்டு ரகசியமாகவே இருக்கட்டும். குழாயின் அழுத்தக் கணக்கு அப்படி இருக்க வேண்டியதில்லை.

இந்தச் சட்டங்கள் எண்ணூருக்கு மட்டுமானவை அல்ல. சர்க்கரை ஆலை, தோல் பதனிடும் ஆலை, சாயப்பட்டறை எதன் அருகே நிலம் இருந்தாலும் இதே வழிதான். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்ப வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்குக் கட்டணம் இல்லை. 'ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை' என்று கேட்டால் பதில் வராது. 'இன்ன ஆலையின் இசைவாணை நகல், கடந்த இரண்டு ஆண்டு கழிவுநீர் ஆய்வறிக்கைகளின் நகல், மாதிரி எடுத்த தேதி, இடம், ஆய்வகத்தின் பெயர்' என்று கேட்டால் தாள் வரும். மாதிரி எடுத்த இடத்தைக் கேட்க மறக்கக் கூடாது. மதகுக்கு மேலே எடுத்ததும் கீழே எடுத்ததும் ஒன்றல்ல என்பது வாய்க்கால் பாசனக்காரருக்குத் தெரியும். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும். அங்கும் பதில் இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். சாம்பல் குளம் போல அரசுத் துறையின் வசம் உள்ளதென்றால், நேரில் பார்வையிடவும் சான்றளித்த மாதிரி பெறவும் 2-ஆம் பிரிவிலேயே இடமிருக்கிறது. அனுப்பிய தபால் ரசீதைப் பட்டாப் புத்தகத்தோடு வைத்துக்கொள்வது நல்லது, மேல்முறையீட்டில் தேதி கேட்பார்கள்.