காற்றைத் தாங்கியவர்கள்

பந்தயம் என்ற சொல்லைக் கேட்டதும் தனியொருவரின் வெற்றியே நம் மனக்கண்முன் தோன்றுகிறது. முதலில் வந்தவருக்கு மாலை. முதலில் வந்தவருக்கே புகைப்படம். ஆனால், ஐரோப்பிய நெடுஞ்சாலைகளில் நடைபெறும் மிதிவண்டிப் பந்தயங்களை ஊன்றிக் கவனிப்போர்க்கு வேறொரு செய்தி புலப்படும். அங்கே ஒருவர் வெல்வதற்காக அவருடைய அணியினர் ஏனையோர் தோற்கின்றனர். அதுவும் அறிந்தே தோற்கின்றனர்.

பங்கு இளைஞர் ஒருவரின் தூண்டுதலால், சில ஆண்டுகளாக ஜூலை மாத இரவுகளில் 'டூர் டி பிரான்ஸ்' பந்தயத்தைப் பார்க்கும் பழக்கம் நமக்கு ஏற்பட்டுள்ளது. 1903இல் தொடங்கிய பந்தயம் அது. இன்று மூன்று வார காலம், 21 கட்டங்களாக, மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவைக் கடக்கிறார்கள். 2018 முதல் அணிக்கு எட்டுப் பேர். அந்த எட்டுப் பேரில் வெல்வதற்கென்று வருபவர் பெரும்பாலும் ஒருவரே. மற்றவர்கள் எதற்கு என்ற வினாவுக்கு விடை காற்றில் இருக்கிறது.

ஆடிக்காற்றில் மிதிவண்டி மிதித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். செந்துறையிலிருந்து சுற்றுக் கிராமங்களுக்குச் செல்லும் சாலைகளில், அரசு வழங்கிய மிதிவண்டிகளில் வீடு திரும்பும் மேல்நிலை மாணவ மாணவியரை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். எதிர்க்காற்று வீசும்போது, முந்திரித் தோப்புகளுக்கு நடுவே அவர்கள் ஒருவர் பின் ஒருவராக வரிசை கட்டிவிடுவார்கள். முன்னே செல்பவர் களைத்ததும் விலகிப் பின்னுக்குப் போவார். அடுத்தவர் முன்னுக்கு வருவார். எவரும் கற்பிக்கவில்லை, காற்றே கற்பித்தது. சமதளத்தில் விரைந்து செல்பவரின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைக் கிழிப்பதற்கே செலவாகிறது. பின்னால் ஒட்டிச் செல்பவருக்கோ அவ்வுழைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகிறது.

பந்தயத்தின் இறுதிக் கட்டத்தில் இந்த மிச்சமே வெற்றியாக மாறுகிறது. எல்லைக் கோடு நெருங்க நெருங்க, ஓர் அணியின் வீரர் நால்வர் ஐவர் இரயில் பெட்டிகள்போல் வரிசையாகிறார்கள். கடைசிப் பெட்டியில் விரைவோட்ட வீரர். முதலாமவர் தம் வலிமை முழுவதையும் சிந்தி விலகுகிறார், பிறகு இரண்டாமவர், பிறகு மூன்றாமவர். எல்லைக்கு ஏறத்தாழ 200 மீட்டர் இருக்கும்போது கடைசித் துணைவரும் ஒதுங்க, அதுவரை காற்றே படாமல் வந்தவர் பாய்ந்து முந்துகிறார். அப்போது வேகம் மணிக்கு 70 கிலோமீட்டரை எட்டும். விலகியவர்களோ தலை கவிழ்ந்து, மெல்ல மிதித்து, பிந்தி வந்து சேர்வார்கள்.

2009ஆம் ஆண்டு டூரின் இறுதி நாளன்று பாரிசு நகரில் இம்முறை முழு அழகோடு நிறைவேறியது. ஆஸ்திரேலிய வீரர் மார்க் ரென்ஷா முன்னிழுத்துச் செல்ல, பிரித்தானியரான மார்க் கேவண்டிஷ் வென்றார். பின்தொடர்ந்தவர்கள் வெகுதூரம் பிந்திவிட்டதால், ஒதுங்கவேண்டிய ரென்ஷாவே இரண்டாவதாக எல்லையைத் தொட்டார். 2024இல் கேவண்டிஷ் தம் 35ஆவது கட்ட வெற்றியைப் பெற்று, எடி மெர்க்ஸின் 34 என்ற சாதனையைக் கடந்தார். வரலாற்றில் நிற்பது அவருடைய பெயர். அந்த எண்ணிக்கைக்குள் எத்தனை பேருடைய மூச்சு அடங்கியிருக்கிறது!

இத்தகைய துணைவரைப் பிரெஞ்சு மொழியில் 'டொமெஸ்டிக்' என்பார்கள். வீட்டு வேலைக்காரன் என்று பொருள். 1911இல், தமக்கென ஓடாமல் பிறருக்காக ஓடினார் என்று மொரீஸ் புரோக்கோ என்ற வீரரை இகழ, பந்தயத்தை நிறுவிய ஆன்றி தெகிராஞ்சு இச்சொல்லைப் பயன்படுத்தினார். இகழ்ச்சியாய்ப் பிறந்த சொல் காலப்போக்கில் மதிப்புக்குரிய பெயராயிற்று. பணிவிடையின் பெருமையை உலகம் எப்போதும் தாமதமாகத்தான் உணர்கிறது.

இவற்றையெல்லாம் காணும்போது நம் தமக்கையாரின் நினைவு எழாமல் இருப்பதில்லை. எட்டாம் வகுப்போடு அவரது படிப்பு நின்றது. முந்திரிக்கொட்டை உடைத்தும், சித்தாள் வேலைக்குச் சென்றும் அவர் ஈட்டிய கூலியில்தான் நம் பள்ளிப்படிப்பு நடந்தது. குருமடத்துக்குப் புறப்பட்ட நாளில் தகரப் பெட்டி வாங்கித் தந்தவரும் அவரே. நம் முதல் நன்றித் திருப்பலியன்று மாலைகள் நமக்கு விழுந்தன. அக்கா பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தார். நன்றியுரையாற்றிய பெரியவர் பங்குத்தந்தை முதல் ஒலிபெருக்கிக்காரர் வரை அனைவரையும் குறிப்பிட்டார். அக்காவின் பெயர் அப்பட்டியலில் இல்லை.

மிதிவண்டி அணிக்கும் நம் குடும்பங்களுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் உறுத்துகிறது. அங்கே துணைவர் உடன்பட்டு வருகிறார்; ஊதியம் பெறுகிறார். வென்றவர் தம் பரிசுத் தொகையை அணியினரோடு பகிர்ந்துகொள்வது நெடுநாளைய மரபு. சில வேளை முறையும் மாறுகிறது. அமெரிக்க வீரர் செப் குஸ் 2023இல் ரோக்லிச் இத்தாலியிலும் விங்ககோர் பிரான்சிலும் வெல்லத் துணைநின்றார். அதே ஆண்டு ஸ்பெயின் பந்தயத்தில் அவரே முன்னணியில் இருந்தார். ஆங்லிரு மலையில் தலைவர்கள் இருவரும் அவரை விட்டுவிட்டு முந்தினர். அவருடைய முன்னிலை எட்டு விநாடியாகச் சுருங்கியது. கண்டனம் எழுந்தது. அதன்பின் அணி அவருக்காக உழைக்க முடிவு செய்தது. குஸ் வென்றார், விங்ககோரும் ரோக்லிச்சும் இரண்டாம், மூன்றாம் இடங்களில் நின்றனர்.

நம் இல்லங்களில் காற்றைத் தாங்கும் மூத்த மகளை எவரும் கேட்பதில்லை. "உனக்கு விருப்பமா?" என்ற வினாவே எழுவதில்லை. தியாகம் என்று நாம் போற்றுவது, கேட்காமலே பறித்துக்கொண்டதாகவும் இருக்கக்கூடும். கொடுப்பவர் மனமுவந்து கொடுத்தால்தான் அது தியாகம். முறை மாறி வந்தால்தான் அது நீதி.

அன்பு வாசகர்களே, பட்டம் பெற்றவர், பணியில் அமர்ந்தவர், மேடையேறியவர் எவராயினும், அவருக்கு முன்னே காற்றைத் தாங்கிச் சென்ற ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரைப் பாராட்டுவது நல்லதே. ஆயினும் அது போதாது. அவருடைய பிள்ளைகளின் படிப்புக்கும், அவருடைய முதுமைக்கும், மருந்துச் செலவுக்கும் முன்னே நின்று காற்றைத் தாங்குகின்ற முறை இப்போது யாருடையது? வீட்டுக்கு வீடு கேட்டுப் பார்ப்போம்.