வண்டிகள் ஏறாத மலை



மும்பையில் நம் ஞாயிற்றுக்கிழமை எப்படி விடிகிறது என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஐந்து மணிக்கு எழுந்து, குழாயில் தண்ணீர் நிற்பதற்குள் துணியை அலசி, பிள்ளைகளை எழுப்பி, ஓய்வுநாள் பள்ளிக்கு அனுப்பி, அன்றைக்கென்றே ரயில்வேக்காரர் அறிவித்திருக்கும் மெகா பிளாக்கில் அரைமணி நேரம் நின்று, வியர்வையோடு ஆராதனைக்குள் நுழைகிறோம். மதியம் ஒரு வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம், மாலையில் இன்னொரு ஆராதனை. இரவு படுக்கும்போது, திங்கட்கிழமை வேலைக்குப் போனால்தான் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும் என்று தோன்றுகிறது. உங்கள் வீட்டிலும் அப்படித்தானே?

இப்படிப்பட்ட நாங்கள், தாராவியிலுள்ள எங்கள் சிறு சபையார் 23 பேர், 2025-ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதி மாத்தேரானுக்குப் போய்வந்தோம். மராட்டிய மாநிலம் பிறந்த நாளும் தொழிலாளர் தினமும் ஒன்றாய் வருவதால் அன்று எல்லாருக்கும் விடுமுறை. போதகர் ஐயா முதலில் தயங்கினார். "ஜெபக்கூட்டம் என்றால் வருகிறேன், உல்லாசப் பயணம் என்றால் சாட்சிக்கு இடறலாகும்" என்றார். ஜெபமும் உண்டு என்று வாக்குக் கொடுத்த பிறகே சம்மதித்தார்.

மாத்தேரானை அறியாதவர்களுக்குச் சில வார்த்தைகள். குர்லாவில் கர்ஜத் லோக்கல் ஏறினால், பத்லாப்பூர், வாங்கணி, ஷேலு கடந்து நேரல் வரும். அங்கிருந்து ஏறக்குறைய 800 மீட்டர் உயரத்துக்கு மலை ஏறவேண்டும். மராட்டியில் இப்பெயருக்கு நெற்றிமேல் உள்ள காடு என்று பொருள் சொல்வார்கள். 1850-இல் தானே மாவட்டக் கலெக்டராயிருந்த ஹியூ மாலெட் என்ற ஆங்கிலேயர் இந்த மலைமேல் ஏறிப் பார்த்தார். அதன்பின் வெயிலுக்கு ஒதுங்கும் துரைமார் பங்களாக்கள் எழும்பின. ஆதம்ஜி பீர்பாய் குடும்பத்தாரின் முயற்சியால் 1907-இல் சிறிய ரயில் ஓடத் தொடங்கியது. தண்டவாளத்தின் அகலம் இரண்டடி. 21 கிலோமீட்டர் தூரத்தை வளைந்து வளைந்து இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக ஏறும். மழையில் பலமுறை பாதை அரிக்கப்பட்டு நின்றுபோய், மறுபடியும் ஓடியிருக்கிறது. விடுமுறை நாளில் அதில் இடம் கிடைப்பது அரிது. எங்களுக்கும் கிடைக்கவில்லை.

ஆனால் இந்த ஊரின் பெருமை ரயில் அல்ல. இங்கே மோட்டார் வாகனங்கள் நுழையக்கூடாது. தஸ்தூரி நாக்கா என்ற இடத்தில் எல்லா டாக்சிகளும் நின்றுவிடுகின்றன. நாங்கள் போனபோது அதற்கு மேல் நடை, குதிரை, கை ரிக்‌ஷா, அல்லது அமன் லாட்ஜ் நிலையத்திலிருந்து சிறு ரயில் என்றிருந்தது. நோயாளியை ஏற்றும் ஆம்புலன்ஸுக்கு மட்டும் விலக்கு உண்டு. 2003-இல் மத்திய அரசு இப்பகுதியைச் சுற்றுச்சூழல் கூருணர்வுப் பகுதியாக அறிவித்தது. நாக்காவைத் தாண்டிச் சிவந்த மண்பாதையில் நூறடி நடந்தவுடன், எங்கள் காதுகளுக்கு ஏதோ ஆகிவிட்டதுபோல் இருந்தது. ஹார்ன் சத்தம் இல்லை. குருவி சத்தமும் குதிரைக் குளம்பின் சத்தமும் மட்டும். பிள்ளைகள் தாங்களாகவே மெதுவாகப் பேசத் தொடங்கினார்கள்.

என் தாயாருக்கு வயது எழுபத்தாறு. முழங்கால் வலி. அங்கிருந்து கடைத்தெரு ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். மின்சார ரிக்‌ஷாக்கள் 2022 டிசம்பரில் சோதனை முறையில் அங்கே வந்திருந்தாலும், அவை மிகச் சில. அன்றைய கூட்டத்தில் எங்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை. ஆகவே ஒரு கை ரிக்‌ஷாவைப் பேசி அம்மாவை உட்கார வைத்தோம். முன்னால் ஒருவர் இழுக்க, பின்னால் இன்னொருவர் தள்ள, மேட்டில் வண்டி ஏறியது. நாங்கள் பாடிக்கொண்டே பின்னால் நடந்தோம். எங்களுக்கு அது குறையாகப் படவில்லை என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

அம்மா தமக்குத் தெரிந்த தாராவி இந்தியில் இழுப்பவரோடு பேச்சுக் கொடுத்தார்கள். உனக்கு எந்தக் கிழமை விடுமுறை என்று கேட்டார்கள். அவர் சிரித்தார். சனி, ஞாயிறு, பண்டிகை எல்லாம் ஊருக்கு விடுமுறை. அவருக்கு அவைதாம் வேலைநாட்கள். மழைக்காலத்தில் ஆள்வரத்துக் குறையும். அப்பொழுது சும்மா இருக்கலாம், ஆனால் கூலியும் இராது. அம்மா சற்றுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு, "நிறுத்தச் சொல்லுய்யா, நான் இறங்கிக்கிடுதேன். உங்கப்பாவும் இப்படித்தான், மழையில தோல் காயாத நாள்லதான் வீட்ல இருப்பாவ. அதுக்குப் பேர் லீவா?" என்றார்கள்.

என் தகப்பனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியில் தோல் பதனிடும் கிடங்கில் உழைத்தவர். அவர் வீட்டிலிருந்த நாட்கள் எங்களுக்குப் பட்டினி நாட்கள். அம்மாவுக்கு அது மறக்கவில்லை. எனக்கு மறந்துபோயிருந்தது.

அம்மா இறங்கவும் முடியவில்லை, கால் ஒத்துழைக்கவில்லை. இறங்கினால் கூலி போய்விடுமோ என்று அந்த மனிதரும் பதறினார். முழுக் கூலியும் தருகிறோம் என்று சொன்ன பிறகு, சமதளத்தில் மட்டும் ஏறுவது, மேட்டில் என்னையும் என் மனைவியையும் பிடித்துக்கொண்டு நடப்பது என்று ஏற்பாடாயிற்று. மூன்று கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது.

அன்பானவர்களே, ஓய்வுநாள் கட்டளை வேதத்தில் இரண்டு இடங்களில் வருவதை நீங்கள் அறிவீர்கள். யாத்திராகமம் 20-இல் சொல்லப்படும் காரணம், தேவன் ஆறுநாளில் சிருஷ்டித்து ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார் என்பது. உபாகமம் 5-இல் காரணம் வேறு. நீயும் எகிப்தில் அடிமையாயிருந்தாய், அதை நினை; உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போலவே இளைப்பாறட்டும் என்று அங்கே போதிக்கப்படுகிறது. முதலாவதை நாம் பிரசங்கத்தில் அடிக்கடி கேட்கிறோம். இரண்டாவதைக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று? நாம் நியாயப்பிரமாணத்துக்குக் கீழ்ப்பட்டவர்களல்ல, கிருபைக்குக் கீழ்ப்பட்டவர்கள் என்று சொல்லுகிறோம். அது சத்தியம். ஆனால் சனிக்கிழமை ஆசரிப்பை விட்டபோது இளைப்பாறுதலையே சேர்த்து விட்டுவிட்டோமோ என்று அந்த மேட்டில் நடக்கையில் எண்ணினேன். பார்வோனிடம் ஜனங்கள் ஆராதனைக்கு விடுப்புக் கேட்டபோது, நீங்கள் சோம்பேறிகள் என்றுதான் அவன் பதில் சொன்னான். அந்தப் பதிலை இரவுப் பணியிலிருக்கும் நம் வாலிபர் பலர் அலுவலகத்தில் கேட்டிருப்பார்கள். ஓய்வெடுக்கும் விசுவாசியைப் பார்த்துச் சபையிலும் நாம் அதையே சொல்லியிருக்கிறோம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஞாயிறு விடுமுறையை வெள்ளைக்காரர் கிறிஸ்தவர்களானபடியால் தாமாகவே எல்லாருக்கும் கொடுத்தார்கள் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். பம்பாய் பஞ்சாலைத் தொழிலாளருக்கு அப்படி அது வரவில்லை. ஜோதிராவ் பூலேயின் தோழராயிருந்த நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர் 1884-இல் ஆலைத் தொழிலாளர் சங்கத்தை ஏற்படுத்தி, வருஷக்கணக்காய் மனு எழுதி, கூட்டம் கூட்டிப் போராடினார். 1890 ஜூன் 10-ஆம் தேதிதான் ஆலை முதலாளிகள் வாரம் ஒருநாள் விடுமுறைக்கு இணங்கினார்கள். கிறிஸ்தவரல்லாத ஒருவர் போராடி வாங்கிக்கொடுத்த நாளில் நாம் ஆராதிக்கிறோம். அவர் பெயரைச் சொல்லி நம் சபைகளில் ஒருமுறையாவது ஸ்தோத்திரம் செலுத்தியதுண்டா?

மதிய உணவுக்குப் பின் எதிரொலி முனைக்குப் போனோம். பள்ளத்தாக்கைப் பார்த்துச் சத்தமிட்டால் எதிர்மலை திருப்பிச் சொல்லும் இடம். அங்கே வாலிபர் கூட்டம் ஒன்று கைப்பேசியை நிறுத்திவைத்து ஒரு சினிமாப் பாட்டுக்கு ஆடிப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. எங்கள் பையன்களில் ஒருவன் தன்னையறியாமல் ஒரு சினிமா வசனத்தைப் பள்ளத்தாக்கை நோக்கிக் கத்த, மலை அதைத் திருத்தமாகத் திருப்பிச் சொன்னது. மூத்த சகோதரி ஒருவர் அவன் காதைத் திருகினார். பிள்ளைகள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

அப்பொழுது கல்லூரியில் முதலாண்டு படிக்கும் எங்கள் சபைப் பெண் ஒருத்தி என்னிடம் வந்து, "அங்கிள், நாயகன் படத்தில் வருகிற தாராவிதான் உண்மையான தாராவியா? என் சிநேகிதிகள் கேட்கிறார்கள், எனக்குப் பதில் தெரியவில்லை" என்றாள்.

நான் என்ன சொல்வது? 1987-இல் அப்படம் வெளியானபோது, இரட்சிக்கப்படாத வாலிபனாய் முதல் வாரத்திலேயே பார்த்தவன் நான். ஞானஸ்நானம் எடுத்தபின் அதைப்பற்றி யாரிடமும் வாய் திறந்ததில்லை. சினிமா பாவம் என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டிருக்கலாம். எங்கள் தலைமுறைக்கு அப்படித்தான் சொல்லப்பட்டது. அந்தக் கண்டிப்பு எங்களில் பலரைச் சாராயக் கடையிலிருந்தும் வேறு பல குழிகளிலிருந்தும் காப்பாற்றியது என்பதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் வீட்டில் டி.வி. இல்லை என்று மேன்மைபாராட்டிய நம் சட்டைப்பையிலேயே இன்று திரை இருக்கிறது. தாராவியைப் பற்றி 2018-இல் காலா வந்தது, 2019-இல் கல்லி பாய் வந்தது. நாம் பேசாவிட்டாலும் பிள்ளைகளுக்கு அவை பேசிக்கொண்டிருக்கின்றன.

ஆகவே அவளை உட்காரவைத்து, கண்டதைச் சொன்னேன். தமிழன் இந்த ஊரில் மதிப்பில்லாமல் நடத்தப்பட்டதை அந்தப் படம் காட்டியது, அது மெய். ரத்தத்தால் கிடைத்த மரியாதையை அழகாகவும் காட்டியது, அது வஞ்சகம். உன் தாத்தா தோல் சுமந்து பிழைத்ததையோ, உன் பாட்டி வெள்ளிதோறும் உபவாசமிருந்து நான்கு பிள்ளைகளைப் படிக்க வைத்ததையோ அதில் காட்டவில்லை. தாராவியில் அப்படிப்பட்டவர்களே அதிகம் என்றேன். அவள் உடனே, "அதை யார் படமெடுப்பார்கள் அங்கிள்?" என்றாள். அதற்கு என்னிடம் விடையில்லை.

பவுல் அத்தேனே பட்டணத்தில் ஆவியில் வைராக்கியமடைந்தார். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு தெருவைக் கடக்கவில்லை. பீடத்தில் எழுதியிருந்ததை நின்று வாசித்திருக்கிறார். அவர்களுடைய கவிஞர் சொன்னதும் அவருக்குத் தெரிந்திருந்தது. தானியேல் கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் படித்துத் தேறினான், ராஜாவின் போஜனத்தை மட்டும் வேண்டாமென்றான். எதைப் படிப்பது, எதை விலக்குவது என்று அவனுக்கு எப்படித் தெரிந்தது? தினம் மூன்று வேளை முழங்கால்படியிட்ட பழக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டென்று நினைக்கிறேன். கைப்பேசியை அணைத்துவைக்க ஒரு வேளைகூட இல்லாதவன், அதில் வருவதை எந்த நேரத்தில் நிதானிப்பான்?

மாலையில் ஜெபத்துக்கு ஒரு மரத்தடியில் கூடினோம். நம்முடைய ஜெபம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். கைதட்டலும் உரத்த ஸ்தோத்திரமும் இல்லாமல் நமக்கு ஜெபித்ததுபோல் இராது. அன்று போதகர் ஐயா, முதலில் கால்மணி நேரம் எல்லாரும் மௌனமாய்க் கர்த்தருக்குக் காத்திருப்போம் என்றார். சகோதரரே, உபவாசம்கூட எனக்கு அவ்வளவு கடினமாயிருந்ததில்லை. ஐந்தாம் நிமிடத்தில் ஒருவர் இருமினார், ஒருவர் மணி பார்த்தார். பத்தாம் நிமிடத்தில் மெல்லிய குறட்டை கேட்டது. கண்திறந்து பார்த்தால், போதகர் ஐயாதான் மரத்தில் சாய்ந்து அயர்ந்திருந்தார்.

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவருடைய மனைவி அவரை எழுப்பக் கை நீட்டினார்கள். என் தாயார் தடுத்துவிட்டார்கள். ஞாயிறு இரண்டு ஆராதனை, செவ்வாய் வீட்டுக்கூட்டம், வெள்ளி உபவாச ஜெபம், சனி முழு இரவு, இடையில் ஆஸ்பத்திரி, போலீஸ் நிலையம், ரேஷன் கார்டு, யாருக்காவது சண்டை. பதினெட்டு வருஷமாய் அவருக்கு ஒரு முழு நாள் ஓய்வு கொடுத்ததாக எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை. எலியா சூரைச்செடியின் கீழ் படுத்தபோது தேவதூதன் வந்து முதலில் கடிந்துகொள்ளவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து மறுபடியும் தூங்கவிட்டான். நாங்களும் முக்கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். வெயில் தாழ்ந்தது. அம்மா இலைப்பொட்டலத்தில் வாங்கிய களாப்பழத்தைச் சத்தமில்லாமல் எல்லாருக்கும் பங்கிட்டார்கள். எங்கள் சபையின் மிக நல்ல ஜெபக்கூட்டங்களில் அதுவும் ஒன்று.

ஊர் திரும்பியதும், திங்கட்கிழமைகளில் போதகர் ஐயாவுக்கு யாரும் போன் செய்யக்கூடாது, அவசரமென்றால் மூப்பர் இருவரிடம் சொல்லலாம் என்று முடிவு செய்தோம். முதல் திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு அவருக்குப் போன் வந்தது. "ஐயா, இன்னைக்கு ஓய்வாத்தானே இருக்கிய?" என்று விசாரித்தவர் என் தாயார்.

அந்த ஆகஸ்டு மாதம் உச்சநீதிமன்றம், மாத்தேரானில் மனிதனை மனிதன் இழுக்கும் ரிக்‌ஷாக்களை ஆறு மாதத்துக்குள் நிறுத்தவேண்டும், அது மனித மாண்புக்கு விரோதமானது என்று உத்தரவிட்டது. செய்தித்தாளில் வாசித்து அம்மாவுக்குச் சொன்னேன். மகிழ்வார்கள் என்று எதிர்பார்த்தேன். "அப்ப அந்தத் தம்பி சாப்பாட்டுக்கு?" என்றுதான் கேட்டார்கள். அவர்களுக்கு மின்சார ரிக்‌ஷா கொடுக்கவும் அரசுக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்று விளக்கினேன். கொடுத்தார்களா என்று வாரம் ஒருமுறை என்னைக் கேட்கிறார்கள்.

அவருடைய பெயரை அன்று நாங்கள் ஒருவரும் கேட்டுவைக்கவில்லை. அம்மாவின் ஜெபக் குறிப்பேட்டில் என் மகள் எழுதிக் கொடுத்திருக்கிறாள்: "மாத்தேரான் ரிக்‌ஷாத் தம்பி, முன்னால் இழுத்தவர். பின்னால் தள்ளினவரும்."