கடைசி பெஞ்சும் பேராசிரியர் நாற்காலியும்

சி.வி. ராமன் ரோட்டில் பஸ் டாடா இன்ஸ்டிட்யூட்டைத் தாண்டும்போதெல்லாம் விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸின் சம்பளம் ஞாபகத்துக்கு வந்துவிடும். அவர் இருந்தது கல்கத்தாவில். இந்த இடத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. 1885இல் பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தவருக்கு, வெள்ளைக்காரப் பேராசிரியர்களைவிடக் குறைந்த சம்பளம் போட்டார்கள். இந்தியர்களுக்கு விஞ்ஞானம் சொல்லித்தர வராது என்ற எண்ணம் அப்போது பலமாக இருந்தது. மூன்று வருஷம் அந்தச் சம்பளத்தைத் தொடாமலே பாடம் நடத்தினார் போஸ். கடைசியில் அரசாங்கம் இறங்கிவந்து முழுச் சம்பளத்தையும் பாக்கியோடு கொடுத்தது.

பெங்களூரிலும் அதே கதைதான். 1909இல் தொடங்கிய இன்ஸ்டிட்யூட்டுக்கு முதல் இயக்குநர் மாரிஸ் டிராவர்ஸ் என்ற ஆங்கிலேயர். ஓர் இந்தியர், நம் திருவானைக்காவல் சி.வி. ராமன், அந்த நாற்காலியில் உட்கார 1933 ஆகிவிட்டது.

நாற்காலியில் உட்காரவே உட்காராத ஒரு வாத்தியார் எனக்கு இருந்தார். அல்சூரில் கணக்குச் சொல்லித்தந்தவர். கோலார் தங்கவயல்காரர், சுரங்கத் தொழிலாளியின் மகன், லைன் வீட்டில் வளர்ந்தவர். வகுப்புக்குள் வந்ததும் நேரே கடைசி பெஞ்சுக்குப் போவார். துப்புரவுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்த இடம் அது. ஒருவன் கையில் சாக்பீஸைக் கொடுத்து, "வாடா ராசா, நீயே போர்டுல போடு" என்பார். தப்பாகப் போட்டால் அழிக்க விடமாட்டார். பக்கத்திலேயே இன்னொரு தரம் போடச் சொல்வார். மற்ற வாத்தியார்கள் அந்தப் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

தங்களைப் போன்ற ஒருவரே வாத்தியாராக வந்தால் பிள்ளைகளுக்கு என்ன ஆகும் என்று அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். ஆரம்ப வகுப்புகளில் ஒரு கறுப்பின ஆசிரியரிடமாவது படித்த கறுப்பினப் பிள்ளைகள் கல்லூரியில் சேரும் வாய்ப்பு 13 சதவீதம் கூடுதல். எங்கள் வாத்தியாரிடம் படித்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அங்கே நிறம், இங்கே சாதி. மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் 1918இலேயே, அரசுப் பதவிகளில் பிராமணரல்லாதாருக்கு இடம் கிடைக்க வழி சொல்ல மில்லர் குழுவை அமைத்தார். திவான் விஸ்வேஸ்வரய்யாவுக்கு அதில் உடன்பாடில்லை, தகுதி கெட்டுவிடும் என்று கவலைப்பட்டார். அந்த வருஷமே பதவியை விட்டும் போனார். ஏழு வருஷத்துக்குள் உயர் பதவிகளில் பாதியாவது பிராமணரல்லாதாருக்குப் போகவேண்டும் என்றது குழு. கிருஷ்ணராஜசாகர் அணைக்காக விஸ்வேஸ்வரய்யாவைக் கும்பிடுவேன். அந்தக் கவலையை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. போஸின் சம்பளத்தைக் குறைத்தவர்களும் தகுதியைத்தானே காரணம் காட்டினார்கள்.

நூறு வருஷம் கழித்து 2019இல் ஒரு சட்டம் வந்தது. மத்தியக் கல்வி நிறுவனங்களின் ஆசிரியர் பணியிடங்களில் பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5, பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீதம் என்று ஒதுக்கீடு. ஆனால் அதே சட்டத்தின் அட்டவணை சில நிறுவனங்களுக்கு விலக்குக் கொடுக்கிறது. அவற்றில் ஒன்று நம் ஜக்கூரில் இருக்கும் ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையம். விலக்கு இல்லாத இடங்களிலும் 'தகுதியானவர் கிடைக்கவில்லை' என்று ஒரு வரி எழுதிக் காலியிடத்தைக் காலியாகவே விட்டுவிட முடிகிறது.

அந்த அட்டவணையை நாடாளுமன்றம் எடுத்துவிட வேண்டும். இடத்தைக் காலியாக வைக்கும் நிறுவனம், எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், என்ன காரணத்துக்காகத் தள்ளப்பட்டார்கள் என்று எழுத்தில் வெளியிட வேண்டும்.