ரசீது இல்லாத பெட்டி

வேலைக்கு இருப்பவர் முதலாளியின் பொருளைத் திருடினால் என்ன தண்டனை என்று சொல்வது சிங்கப்பூர்க் குற்றவியல் சட்டத்தின் 381ஆம் பிரிவு. ஏழு ஆண்டுவரை சிறை, கூடவே அபராதம். சாதாரணத் திருட்டுக்கு 379; அதில் மூன்று ஆண்டுதான். சென்னையில் வக்கீல் தொழில் பார்த்தவர்களுக்கு இந்த எண்கள் அத்துப்படி. 1872இல் இங்கே நடைமுறைக்கு வந்த சட்டம், மெக்காலே எழுதிய இ.பி.கோவைப் பார்த்து எழுதப்பட்டதுதான். இந்தியாவில் 2024 ஜூலையோடு எண்கள் மாறிவிட்டன. இங்கே அதே 381 இன்னும் இருக்கிறது. ஒரே வீட்டில் படுத்து எழுந்து, அவர்கள் துணியையும் துவைத்து, அவர்கள் கொடுத்த பழைய சட்டையையும் போட்டுக்கொண்டு வாழும் ஒருவர் விஷயத்தில் 'முதலாளியின் பொருள்' எங்கே முடிகிறது என்று அந்தப் பிரிவு சொல்வதில்லை.

2016 அக்டோபரில் ஒரு பிலிப்பீன்ஸ் பணிப்பெண்ணின் வழக்கு என்னிடம் வந்தது. முப்பதுகளின் நடுவில் இருந்தார். கணவர் சவூதியில் கட்டட வேலை. ஏழு வயது மகன் ஊரில் மாமியாரிடம் வளர்ந்தான். ஒரு வீட்டில் மூன்று ஆண்டாக வேலை. கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு அனுப்பப் பெட்டி கட்டியிருந்தார். சரக்கு நிறுவனத்து ஆள் எடுத்துப்போக வந்தபோது வீட்டம்மாவுக்குச் சந்தேகம் வந்து, நடுக்கூடத்தில் வைத்துப் பெட்டியைப் பிரித்துவிட்டார். சாயங்காலம் போலீஸ் வந்தது.

அந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாலிக்பாயன் பெட்டி என்பார்கள். கப்பலில் அனுப்பும் நிறுவனங்கள் எடைக்குக் காசு வாங்குவதில்லை, பெட்டியின் அளவுக்குத்தான். அதனால் இடுக்கு விடாமல் அடைப்பார்கள். துண்டுக்குள் ஷாம்பு, ஷூவுக்குள் சாக்லேட், டின் மாட்டிறைச்சிக்கு நடுவே சோப்பு. ஒரு பெட்டி நிரம்ப மாதக்கணக்காகும். 2015இல் மணிலா சுங்கத் துறை இந்தப் பெட்டிகளைத் திறந்து சோதிக்கப்போவதாகச் சொன்னதும், வெளிநாடுகளில் இருந்த பிலிப்பீன்ஸ்காரர்கள் கொதித்துப்போய், அதிபரே தலையிட்டு நிறுத்தும்படி ஆயிற்று. அடுத்த ஆண்டே வரியில்லா வரம்பு 10,000 பெசோவிலிருந்து ஆண்டுக்கு 150,000 பெசோவாக உயர்ந்தது. ஓர் அரசாங்கம் திறக்கப் பயந்த பெட்டியை இங்கே ஓர் அடுக்குமாடி வீட்டில் கத்தரிக்கோலால் திறந்தார்கள்.

குற்றச்சாட்டில் துண்டுகள், ஒரு சின்ன ரைஸ் குக்கர், சிறுவனுக்கான விளையாட்டுக் காலணி ஒரு ஜோடி, பாதி தீர்ந்த வாசனைத் திரவியம் ஒரு குப்பி, இன்னும் சில. காலணி தன் மகனுடையது என்றார் வீட்டம்மா. ரசீது இருக்கிறதா என்று போலீஸ் கேட்டிருக்கிறது. பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கிய துண்டுக்கு யார் ரசீது கொடுக்கிறார்கள்? கொடுத்தாலும் அதை எங்கே வைப்பது? அவர் படுத்தது வீட்டின் குண்டு தடுப்பு அறையில், இஸ்திரிப் பலகைக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில். அவருக்கென்று பூட்டுப் போட்ட அலமாரி கிடையாது. 1988இல் ஹாங்காங் போன அப்போதைய பிலிப்பீன்ஸ் அதிபர் கொராசோன் அக்கினோ, இந்தப் பணிப்பெண்களை நாட்டின் புதிய வீரர்கள் என்று புகழ்ந்தார். வீரர்களுக்கு ஒரு சாவி கொடுத்திருக்கலாம்.

மாதத்தில் இரண்டு ஞாயிறு வெளியே போவார். வார விடுப்பு 2013 முதல் சட்டத்தில் இருந்தாலும், சம்பளம் கொடுத்து அதை வாங்கிக்கொள்ள முதலாளிக்கு அப்போது வழியிருந்தது. மாதம் ஒரு நாளையாவது விலைக்கு வாங்கக் கூடாது என்ற விதி 2023இல்தான் வந்தது. அந்த இரண்டு ஞாயிறும் ஆர்ச்சர்ட் சாலை லக்கி பிளாசாவில் கழியும். பணம் அனுப்புவது, தோழிகளோடு உட்கார்ந்து சாப்பிடுவது, எல்லாம் அங்கேதான். வீட்டில் கருவாடு பொரிக்கக் கூடாது, நாற்றம். அங்கே கருவாடும் உண்டு, நம் நாக்குக்கும் பிடிக்கிற புளி போட்ட சினிகாங் குழம்பும் உண்டு. அந்தச் சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் வழக்கை மறந்துவிடுவார். நானும் குறிப்பெடுப்பதை நிறுத்திவிடுவேன்.

ஆதாரம் அவருடைய கைப்பேசியிலேயே இருந்தது. காலணி வாங்குவதற்கு முன் அளவு கேட்டிருக்கிறார். மாமியார் பேரனை ஒரு தாளில் நிற்கவைத்து, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் பள்ளிக்கூட அளவுகோலை வைத்துப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். தேதியும் நேரமும் படத்தோடு இருந்தன. லக்கி பிளாசாவில் காலணியைக் கையில் பிடித்துத் தோழி எடுத்த படமும் இருந்தது. வீட்டம்மாவின் மகனுக்குப் பத்து வயது. அவன் பாதம் அந்தக் காலணிக்குள் நுழையாது. ரைஸ் குக்கர், துண்டுகள் பற்றிய பேச்சும் உரையாடல்களில் இருந்தது. எல்லாவற்றையும் அச்செடுத்து, தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகத்துக்கு நீண்ட கடிதம் எழுதினேன்.

அதற்குள் கிறிஸ்துமஸ் வந்துபோனது. வேலை அனுமதி ரத்து. கையில் சிறப்பு அனுமதி, அதை வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியாது. தங்குவது ஆதரவு இல்லத்தில். மாதாமாதம் ஊருக்குப் போன பணம் நின்றது. விசாரணைக்கு முன்பே பலரைக் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பது இந்தக் காத்திருப்புதான், சாட்சியம் அல்ல. சில வாரம் சிறை, பிறகு விமானம் என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். மாமியாருக்கோ சிங்கப்பூர் என்றாலே 1995 மார்ச் 17தான். ஃபுளோர் கான்டெம்பிளாசியோன் என்ற பணிப்பெண் இங்கே தூக்கிலிடப்பட்ட நாள். மருமகளையும் தூக்கில் போட்டுவிடுவார்கள் என்று கிழவி நம்பினார். திருட்டுக்குத் தூக்கு இல்லை என்று தொலைபேசியில் நானே சொன்னேன், நம்பவில்லை.

அரசுத் தரப்பு பதில் அனுப்பியது. காலணி உட்பட மற்றதையெல்லாம் விட்டுவிடுகிறோம், வாசனைத் திரவியம் ஒன்றுக்கு மட்டும் 379இன் கீழ் ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு முடியலாம் என்ற யோசனை. மோசமான யோசனை என்று சொல்லமாட்டேன். இல்லத்தில் இருந்த பெண்கள் எல்லாரும் ஒத்துக்கொள் என்றார்கள். இரண்டு பக்கத்தையும் விளக்கினேன். ஒப்புக்கொண்டால் சீக்கிரம் வீடு, ஆனால் மறுபடி இங்கே வேலைக்கு வருவது நடக்காது. அவர் கேட்டது ஒன்றுதான்: "ஒப்புக்கொண்டால் எடுத்தேன் என்று எழுதுவார்களா, அட்டர்னி?" எழுதுவார்கள் என்றேன். "மேம் கொடுத்தது. எடுக்கவில்லை." பிலிப்பீன்ஸில் வக்கீலை அட்டர்னி என்றுதான் கூப்பிடுவார்கள்.

விசாரணை மறு ஆண்டு நடுவில், ஹேவ்லாக் சதுக்கத்து எண்கோணக் கட்டடத்தில். குறுக்கு விசாரணையில் வீட்டம்மாவிடம் குரலை உயர்த்தவில்லை. பழைய பொருள்களைக் கொடுப்பதுண்டா? உண்டு. என்னென்ன கொடுத்தீர்கள் என்று எழுதி வைப்பீர்களா? இல்லை. அந்தக் குப்பியைக் கடைசியாக எப்போது பூசிக்கொண்டீர்கள்? யோசித்தார். புதுக் குப்பி வாங்கியபின் பூசவில்லை என்றார். புதிது வாங்கியது எப்போது? பெட்டி பிரித்ததற்கு ஏறக்குறைய ஓராண்டுக்கு முன். பழையதை என்ன செய்தீர்கள்? நினைவில்லை. அவர் பொய் சொன்னார் என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. கொடுத்தவருக்கு மறந்துபோகிறது.

அரசுத் தரப்பு ஒத்திவைப்புக் கேட்டது. அடுத்த தவணையில் குற்றச்சாட்டை மீட்டுக்கொண்டது. விடுதலைக்கு ஈடான விடுவிப்பு. மூன்று ஆண்டு கழித்து, 2020 செப்டம்பரில், பார்த்தி லியானி என்ற இந்தோனேசியப் பணிப்பெண்ணைத் திருட்டு வழக்கிலிருந்து உயர் நீதிமன்றம் விடுவித்தபோது நாடே பேசியது. அங்கேயும் பெட்டிகள்தான், அங்கேயும் பழைய பொருள்கள்தான். அவர் பிறகு இழப்பீடு கேட்டார், 2021இல் மறுத்துவிட்டார்கள். என் கட்சிக்காரருக்கு அந்தப் பேச்சே வேண்டாம் என்றிருந்தது. இழந்த சம்பளத்தை விட்டுவிட்டு, பிடித்து வைத்த பொருள்கள் திரும்ப வருமா என்று மட்டும் கேட்டார். வந்தன. டின்கள் காலாவதியாகியிருந்தன. காலணி மகனுக்குச் சிறிதாகிவிட்டது. அக்காள் பையனுக்கு ஆகும் என்றார். குப்பியை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஊருக்குப் போவதற்கு முந்தைய நாள் அலுவலகத்துக்கு வந்தார். விடுவிப்பு உத்தரவின் சான்றளித்த நகல் மூன்று வேண்டும், முத்திரை தெளிவாக இருக்க வேண்டும். ஒன்று தூதரகத்துக்கு, ஒன்று வேலைக்கு அனுப்பிய ஏஜென்சிக்கு. மூன்றாவது எதற்கு என்றேன்.

"மாமியாருக்கு," என்றார். "நான் சொன்னால் நம்பமாட்டார்."