அப்பாவின் மூன்று டிஸ்க்

அப்பாவுக்கு ஜிந்துப்பிட்டியில் சின்னதா ஒரு ஸ்டூடியோ இருக்கு. அடையாள அட்டைப் படம், பாஸ்போர்ட் படம், கல்யாண வீடியோ, சாமத்திய வீடு, சில நேரம் செத்த வீடும். எடுத்த எல்லாம் கடையின் பின்பக்கம், மேசைக்குக் கீழே இருந்த ஒரு டெஸ்க்டொப்பில் கிடந்தது. அதற்குள் மூன்று ஹார்ட் டிஸ்க், எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிவைக்கிற ஒரு ரெய்ட் கார்ட். யாரோ ஒஃபிஸ் சேர்வரில் இருந்து கழற்றிய செக்கன்ட் ஹேன்ட் கார்ட். பூட்டித் தந்தவர், "இனி ஒரு டிஸ்க் செத்தாலும் பயமில்ல" என்று சொன்னாராம். அது உண்மைதான். கார்ட் செத்தால் என்ன என்று அப்பா கேட்கவில்லை. நானும் கேட்டிருக்க மாட்டேன்.

2022 மார்ச் கடைசி. நான் ஏ.எல். சோதனை முடிந்து வீட்டில் சும்மா இருந்தேன். மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் போன காலம். ஒருநாள் கரண்ட் வந்ததும் கடையைத் திறந்து கொம்பியூட்டரைப் போட்டோம். ஃபேன் சுற்றுது, ஸ்க்ரீன் வருது, டிஸ்க் ஒன்றுமே இல்லை என்கிறது. மூன்றும் நல்லாத்தான் இருந்தன. கார்ட் மட்டும் போய்விட்டது.

டிஸ்க்குகளைக் கழற்றி வேற மெஷினில் போட்டால், "இது புது டிஸ்க், இனிஷியலைஸ் பண்ணவா?" என்று விண்டோஸ் கேட்டது. ஓம் என்று அமத்தாமல் விட்டதுதான் அந்த வருஷம் நான் செய்த ஒரே புத்தியான வேலை.

நான் ஆர்ட்ஸ் பிள்ளை. அதற்குப் பிறகுதான் இதையெல்லாம் வாசித்தேன். ரெய்ட் என்பது 1988இல் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் பட்டர்சன், கிப்சன், கட்ஸ் என்ற மூன்று பேர் எழுதிய கட்டுரையில் இருந்து வந்த பெயர். பெரிய, விலை கூடின ஒரு டிஸ்க்குக்குப் பதிலா மலிவான பல டிஸ்க்குகளைச் சேர்த்துப் பாவிக்கலாம் என்பதுதான் அவர்கள் சொன்னது. பெயரில் இருந்த 'ஐ' எழுத்துக்கு அப்போது 'மலிவு' என்று அர்த்தம். பிறகு அதையே 'சுயாதீனம்' என்று மாற்றிவிட்டார்கள். விற்கிறவர்களுக்கு மலிவு என்ற சொல் பிடிக்காதுதானே.

எங்களிடம் இருந்தது ரெய்ட் 5. மூன்று டிஸ்க்கிலும் தகவல் துண்டு துண்டாகப் பிரிந்து கிடக்கும், கூடவே ஒரு கணக்கும். இரண்டு எண்ணில் ஒன்று தொலைந்தாலும் கூட்டுத்தொகை கையில் இருந்தால் கண்டுபிடிக்கலாம் இல்லையா, கிட்டத்தட்ட அப்படி. ஆனால் எந்தத் துண்டு எங்கே, எந்த ஒழுங்கில் என்று அந்தக் கார்ட் தன் கொம்பனியின் பாஷையில் எழுதி வைத்திருந்தது. விண்டோஸுக்கு அந்தப் பாஷை தெரியாது. அதே குடும்பத்து இன்னொரு கார்ட்டுக்குத் தெரியும்.

அந்தக் கார்ட்டைத் தேடி யுனிட்டி பிளாசாவில் கடை கடையாக ஏறி இறங்கினோம். "பழசு, வராது" என்றார்கள். அதற்கிடையில் எங்கள் ஒழுங்கையில் இருக்கிற அன்டி ஒருவர் வரத் தொடங்கினார். அவருடைய ஹஸ்பண்ட் மோசம் போய் மூன்று மாசம். மகளின் சாமத்திய வீட்டு வீடியோவில் அவர் மைக்கைப் பிடித்துப் பேசுகிற இடம் ஒன்று இருக்காம். "அவர் குரல் வேற எதிலயும் இல்ல மகள். அப்பாகிட்ட சொல்லி எடுத்துத் தாங்க." ஒவ்வொரு முறையும் "கார்ட் வரும் அன்டி" என்றேன்.

ஓகஸ்ட்டில் வந்தது. பெரியம்மாவின் மகன் சிங்கப்பூரில் பழசு ஒன்று வாங்கி, வரும்போது கொண்டுவந்தார். பூட்டிப் போட்டதும், வேற கார்ட்டில் கட்டின டிஸ்க்குகள் இருக்கு, எடுத்துக்கொள்ளவா என்று கேட்டது. ஓம் சொன்னேன். அப்பா கதவுக்கு வெளியே நின்றார். ஃபோல்டர்கள் வரிசையா வந்தன. அன்டியுடையது வரவில்லை.

2017இல் இடம் காணாமல் அப்பாவே அழித்திருந்தார். டேப்பிலும் மேலே வேற கல்யாணம் எடுத்தாயிற்று. ஐந்து மாசம் நாங்கள் இல்லாத ஒன்றைத் தரலாம் என்று அந்த மனுசிக்குச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறோம். ரெய்ட் எத்தனை டிஸ்க்கில் வைத்தாலும், அழி என்றால் எல்லாவற்றிலும் அழிக்கும். அது டிஸ்க் சாவதில் இருந்துதான் காப்பாற்றும். எங்கள் கையில் இருந்து காப்பாற்றாது.

புது டெஸ்க்டொப் கட்டும்போது அப்பா திரும்பவும் கார்ட்தான் வேணும் என்றார். "கையில பிடிக்கக்கூடிய சாமான், அதான் ஸ்ட்ரோங்." அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. வங்கி மாதிரி இடங்களில், ஸ்பெயார் கார்ட் அலுமாரியில் வைத்து, கார்ட்டின் பேட்டரியை நேரத்துக்கு மாற்ற ஆள் வைத்திருந்தால் அது நல்லது. கரண்ட் போகும்போது டிஸ்க்கில் இன்னும் எழுதாத தகவலைப் பிடித்து வைத்திருப்பது அந்தப் பேட்டரிதான். எங்கள் பழைய கார்ட்டின் பேட்டரி எப்போதோ உப்பிப் போயிருந்தது. மதர்போர்ட்டிலேயே ரெய்ட் இருக்கு என்று கடைகளில் சொல்வதையும் விசாரித்தேன். அது பெரும்பாலும் பெயருக்குத்தான் ஹார்ட்வெயார். வேலையைச் செய்வது டிரைவர், அதாவது சொஃப்ட்வெயார்.

லினக்ஸில் எம்டிஅட்ம் என்ற இலவச புரோகிராமால் இரண்டு டிஸ்க்கை ரெய்ட் 1 ஆக, ஒன்றுக்கு ஒன்று கண்ணாடி மாதிரிக் கட்டினேன். மெஷின் ஸ்லோவாகும் என்று பயம் காட்டினார்கள். ஒரே தகவலை இரண்டு இடத்தில் எழுதுவது இந்தக் காலத்து புரொசஸருக்கு ஒரு வேலையே இல்லை. அப்பா நம்பவில்லை. அதனால் அவர் முன்னாலேயே மெஷினை ஓஃப் பண்ணி, ஒரு டிஸ்க்கைக் கழற்றி, யூ.எஸ்.பி. பெட்டியில் போட்டு, பென் டிரைவில் லினக்ஸ் ஓடுகிற என் ஓட்டை லெப்டொப்பில் செருகினேன். கடைசியா எடுத்த கல்யாணம் ஓடியது. "அந்த மெஷின் இல்லாமலேயா?" என்றார். பிறகு கார்ட்டைப் பற்றிக் கதைக்கவில்லை.

கெம்பஸில் சி. வை. தாமோதரம்பிள்ளை பற்றிப் படித்தபோது எனக்கு இந்தக் கடைதான் ஞாபகம் வந்தது. 1887இல் கலித்தொகையை அச்சில் ஏற்றிய யாழ்ப்பாணத்து மனுசன். தொட்டால் உதிர்கிற ஏடுகளை ஊர் ஊராகத் தேடிச் சேர்த்தவர். ஏட்டை எவ்வளவு நல்ல பெட்டியில் பூட்டி வைத்தாலும் யாராவது உட்கார்ந்து இன்னொரு பிரதி எழுதாவிட்டால் அது போய்விடும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் பிரதி இருந்தவற்றைத் திரும்ப வாங்கலாம். அந்த ஒரு கட்டடத்தில் மட்டும் இருந்தவற்றை எங்கே போய் வாங்குவது?

அன்டிக்கு நான்தான் போய்ச் சொன்னேன். கோபப்படவில்லை, தண்ணி வேணுமா என்று கேட்டார். பிறகு யோசித்து, ஸ்கார்பரோவில் இருக்கிற தங்கச்சிக்கு அந்த நேரம் ஒரு டிவிடி அனுப்பின ஞாபகம் என்றார். இருந்தது. கீறல் விழுந்து கடைசிப் பத்து நிமிஷம் ஓடாது. அவர் பேசுகிற இடம் அதற்கு முன்னால். இப்போது அந்த ஃபைல் எங்கள் இரண்டு டிஸ்க்கிலும் இருக்கு, அன்டியின் போனிலும்.

மூன்றாவது டிஸ்க் ஒன்று வெள்ளவத்தையில், பெரியம்மா வீட்டு அலுமாரியில், சேலைகளுக்கு நடுவில். மாசத்தில் ஒரு ஞாயிறு அதை எடுத்துவந்து கொப்பி பண்ணி, அடுத்த ஞாயிறு கொண்டுபோய் வைக்கிறேன். பஸ்ஸில் மடியில்தான் வைத்திருப்பேன். துவாயில் சுற்றித் தருவது அப்பா.