எதிரொலிப் பெட்டியும் பூட்டிய அரங்கும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சர் பாடம் நடத்துகிறாள் என்று நினைத்துக்கொண்டாவது கடைசிவரை படித்துவிடுங்கள்.

கோடை விடுமுறைக்குப் பேரன் சென்னையிலிருந்து வந்திருந்தான். ஜூனில் பிளஸ் டூ. பையில் புத்தகம் பாதி, எலக்ட்ரிக் கிட்டார் சாமான் பாதி. அவன் பஸ் ஏறிய ராத்திரியே மகன் போன் பண்ணினான். "யம்மா, அந்தக் கிட்டாரை வாங்கி அரங்குல வச்சுப் பூட்டிருங்க. எனக்குச் செஞ்சீங்கள்ல, அதே மாதிரி." கிண்டலாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்றது.

1996-ல் அவன் பிளஸ் டூ. யாரிடமோ பழைய கிட்டார் ஒன்று வாங்கி வைத்திருந்தான். "இது சோறு போடாதுலே" என்று சொல்லி அரங்கில் வைத்துப் பூட்டினேன். பரீட்சை முடிந்து எடுத்துக் கொடுத்தபோது அவன் அதைத் தொடவே இல்லை. நல்ல மார்க், நல்ல வேலை. நானும் ஜெயித்துவிட்டதாகவே நினைத்திருந்தேன்.

இந்தத் தடவை பூட்டவில்லை. "இது என்னடா சின்னப் பெட்டி?" என்று கேட்டேன். "டிலே பெடல் ஆச்சி. வாசிச்சதைத் திரும்பச் சொல்லும்" என்றான். கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவில் காலால் மிதிக்கும் பெட்டி. மூன்று திருகு. எவ்வளவு நேரம் கழித்துத் திரும்ப வர வேண்டும், எத்தனை தடவை வர வேண்டும், எவ்வளவு சத்தமாக வர வேண்டும், அவ்வளவுதான். முன்பெல்லாம் இதற்கு டேப் ஓடும் பெரிய இயந்திரம் வேண்டுமாம். 1983-ல் ஜப்பானின் பாஸ் நிறுவனம் டிஜிட்டலாகவே உள்ளங்கை அளவுக்குக் கொண்டுவந்துவிட்டது.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே, நினைவிருக்கிறதா? பாறைக்கு எதிரே நிற்க வைத்து உங்கள் பெயரைக் கத்தச் சொன்னேனே! 17 மீட்டராவது தள்ளி நின்றால்தான் எதிரொலி தனியாகக் கேட்கும் என்று சொல்லிக் கொடுத்த அதே பாடம்தான் இது. பாறை மட்டும் பெட்டிக்குள் வந்துவிட்டது.

பேரன் வாசித்துக் காட்டக் காட்டக் குறித்துக்கொண்டேன்.

ஒன்று: நேரத்தை 100 மில்லிசெகண்ட் பக்கம் வைத்து, ஒரே ஒரு தடவை திரும்ப வரவிட்டால், கல்மண்டபத்தில் வாசித்த மாதிரி இருக்கும். 1950-களின் அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாட்டுகளில் இந்தச் சத்தம்தான்.

இரண்டு: இதில் கணக்கு இருக்கிறது. நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் ஒரு தட்டுக்கு 500 மில்லிசெகண்ட். அதில் முக்கால், 375-ல் திருகை வைக்க வேண்டும். ஒரு தட்டை நாலாகப் பிரித்து, முதல் இடத்திலும் மூன்றாம் இடத்திலும் மட்டும் நாம் வாசித்தால், விடுபட்ட இரண்டு இடங்களிலும் எதிரொலி வந்து விழுகிறது. இரண்டு சுரம் போட்டால் நாலு கேட்கிறது! அயர்லாந்தின் யூ2 குழுவில் எட்ஜ் என்பவர் 1987-ல் வந்த ஜோஷுவா ட்ரீ ஆல்பத்தில் இந்த முறையில்தான் வாசித்திருக்கிறார். 375 என்றால் பாறை எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டேன். ஏறக்குறைய 64 மீட்டர். பேரன் வாயைப் பிளந்துவிட்டான்.

மூன்று: நேரத்தை நீளமாக வைத்து 'ச' வாசி. அது திரும்பும்போது 'க' வாசி. இரண்டும் சேர்ந்து திரும்பும்போது 'ப' வாசி. ஒரே ஆள், மூன்று பேர் சேர்ந்த கச்சேரி. குயின் குழுவின் பிரையன் மே தன் எதிரொலியோடு தானே சேர்ந்து வாசித்தவர்.

நாலு: கிட்டாரின் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்து, கம்பியைத் தட்டிவிட்டு, மெல்லக் கூட்டினால் தட்டிய சத்தமே தெரியாது. வில் போட்டு இழுத்த வயலின் மாதிரி எழும்பி, எதிரொலியில் கரையும்.

ஐந்தாவது, எச்சரிக்கை. இரண்டாவது திருகை ரொம்பக் கூட்டிவிட்டால் எதிரொலி அடங்காது. தன்னைத் தானே தின்று வளர்ந்து ஊளையிடும். கம்பியைத் தொடாமல் இருந்தாலும் நிற்காது. அதைக் கேட்டபோது எனக்கு மகனின் போன்தான் ஞாபகம் வந்தது. நான் ஒரு தடவைதான் சொன்னேன். 29 வருஷம் கழித்து அது அவன் வாயிலிருந்து வருகிறது, அவன் பிள்ளைக்கு.

அன்றைக்கு ராத்திரி மகனைக் கூப்பிட்டு, "அன்னைக்கு நான் பூட்டுனது தப்புய்யா" என்றேன். பதில் இல்லை. போனை ஆம்ப்ளிஃபையர் பக்கம் வைத்தேன். பேரன் அந்த முக்கால் கணக்கை வாசித்தான். கொஞ்ச நேரம் கழித்து மகன் சொன்னான்: "யம்மா, எதிரொலி லேசாப் பிந்துது. டைமைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க." குறைத்ததும் சரியாக விழுந்தது. காது அவனை விட்டுப் போகவே இல்லை.

பேரனோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். படிப்பு படிப்புதான், சாயங்காலம் ஒரு மணி நேரம் கிட்டார். கூட்டிப்போக வந்த மகன் அதை மடியில் வைத்துப் பார்த்தான். "விரல் வலிக்குதும்மா" என்றான், சிரித்துக்கொண்டே.

என்னிடம் படித்தவர்களே, பாட்டோ படமோ ஆட்டமோ, எதையாவது "இது சோறு போடாது" என்று சொல்லி உங்கள் கையிலிருந்து நான் பிடுங்கியிருந்தால் மன்னித்துவிடுங்கள். இன்னும் ஆசை இருந்தால் எடுத்துத் தூசி தட்டுங்கள். உங்கள் பிள்ளைகளிடம் அதே வார்த்தையைச் சொல்லும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்