அறுபது வயதுக் கண்

இருபது வயதுக்காரரின் விழித்திரையில் விழும் வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேர்கிறது. வயதாக ஆகக் கண்பாவை சுருங்கிவிடுகிறது, உள்ளிருக்கும் லென்ஸ் தடித்து மஞ்சளித்துவிடுகிறது. பெரிய கட்டடங்களுக்கு விளக்கமைப்பு வரைந்து கொடுப்பது என் தொழில். எந்த வரைபடத்தை விரித்தாலும் இந்தக் கணக்குத்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். மதுரையில் ஒரு பொதுக் கட்டடம் என்றால் திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கமிருந்து பஸ் ஏறி வரும் பெரியவர்கள் கட்டாயம் இருப்பார்கள். பலருக்குப் புரை விழத் தொடங்கியிருக்கும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்போம். வெளியே உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸை எட்டும். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தால் 200 லக்ஸ். அந்த மாற்றத்துக்குப் பழக இளவயதுக் கண்ணே நேரம் கேட்கும். அவர்களுக்கு முதல் பத்தடி வெறும் இருட்டு. படியில் கால் இடறுவது அங்கேதான்.

அதனால் வாசல் மண்டபத்துக்குப் பகலில் வெளிச்சத்தைக் கூட்டச் சொல்கிறேன், ராத்திரியில் குறைக்கச் சொல்கிறேன். “பகல்ல எதுக்கு சார் இம்புட்டு லைட்டு? கரண்ட் பில் யார் கட்டுறது?” என்று கேட்காத கட்டட உரிமையாளர் இல்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு அவரை ரோட்டிலிருந்து உள்ளே நடத்திக் கூட்டி வந்தால் போதும், பிறகு அந்தக் கேள்வி எழாது.

ஆனால் வெளிச்சத்தைக் கூட்டினால் மட்டும் வேலை முடிந்துவிடாது. புரை விழுந்த லென்ஸ் ஒளியைச் சிதறடிக்கும். கூரையில் எரியும் ஒரு எல்.இ.டி. புள்ளி அந்தக் கண்ணுக்குள் வெள்ளைத் திரையாகப் பரவி, எதிரே நிற்பவரின் முகத்தை அழித்துவிடும். ஆகவே முதியவருக்கு வெளிச்சம் அதிகம் வேண்டும், அது வரும் இடம் மட்டும் கண்ணில் படக்கூடாது. பொதுக் கட்டட விளக்கமைப்பின் மொத்தச் சிரமமும் இந்த ஒன்றில்தான் இருக்கிறது என்பேன். ஃபிட்டிங்கை ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஆழமாக ஏற்றி வைக்கலாம், சுவரிலும் கூரையிலும் ஒளியைப் படவிட்டுத் திருப்பிவிடலாம். அதையெல்லாம் செய்து முடித்த பிறகு, பளபளவென்று மெருகேற்றிய கிரானைட்டைத் தரையில் போட்டுவிடுவார்கள். மேலே மறைத்த விளக்குகள் அத்தனையும் கீழே தெரியும். விளக்குக்காரன் தரைக்கல்லைப் பற்றிப் பேசுவது ஆர்க்கிடெக்டுகளுக்குப் பிடிக்காது. இருந்தாலும் முதல் கூட்டத்திலேயே பேசிவிடுகிறேன்.

கண்ணைப் பற்றி இவ்வளவு யோசிக்க வைத்ததே இந்த ஊர்தான். 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை வளர்ந்த ஊர் இது. கண் அறுவை அரங்கின் வெளிச்சம் மற்ற அறுவை அரங்குகளுக்கு நேர்மாறானது. வயிற்றைத் திறக்கும் அரங்கில் அறைக்கு 1,000 லக்ஸ் கொடுப்போம், மேசைக்கு மேலுள்ள அறுவை விளக்கு 40,000 முதல் 1,60,000 லக்ஸ் வரை கொட்டும். புரை அறுவையிலோ மருத்துவர் மைக்ராஸ்கோப்பின் ஒளியை மட்டுமே நம்பியிருக்கிறார். அந்த ஒளி விழித்திரையில் பட்டுச் செந்நிறமாகத் திரும்பி வரும். அந்தச் செம்மையின் முன்னால்தான் லென்ஸின் மெல்லிய உறை தெளிவாகத் தெரியும். அறை விளக்கு பளிச்சென்று எரிந்தால் அது மங்கிவிடும். ஆகவே அறையைத் தணிக்க வேண்டும். அதே நேரத்தில் பக்கத்திலிருக்கும் செவிலியர் கருவித் தட்டைத் தெளிவாகப் பார்க்க வேண்டும். ஒரே மருத்துவர் இரண்டு மேசைகளுக்கு நடுவே மைக்ராஸ்கோப்பைத் திருப்பித் திருப்பி வேலை செய்யும் அரங்கானால், ஒரு மேசையில் அறுவை நடக்கும்போது அடுத்த மேசையில் ஒருவரைத் தயார் செய்துகொண்டிருப்பார்கள். ஒரே அறையில் தணிந்த வெளிச்சமும் வேண்டும், கூடுதல் வெளிச்சமும் வேண்டும். தட்டுக்கு மேல் குறுகிய கோணத்தில் ஒரு விளக்கு, அதன் ஒளி மைக்ராஸ்கோப்பின் கண்வில்லையில் பட்டுத் திரும்பாத இடத்தில். அந்த இடத்தை வரைபடத்தில் கண்டுபிடிக்க முடியாது. மருத்துவரின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துத்தான் குறிக்க வேண்டும்.

இன்னொருவரையும் மறக்கக்கூடாது. புரை அறுவைக்குப் பெரும்பாலும் மயக்க மருந்து கொடுப்பதில்லை, கண்ணை மட்டும் மரக்கச் செய்வார்கள். ஸ்ட்ரெச்சரில் மல்லாந்து வரும் பாட்டி முழு விழிப்போடு கூரையைப் பார்த்துக்கொண்டே வருகிறார். நடைபாதையின் நடுக்கோட்டில் வரிசையாக விளக்கு போட்டால் ஒவ்வொன்றும் அவர் கண்ணில் நேராகக் குத்தும். நான் அவற்றைச் சுவரோரமாகத் தள்ளிவிடுவேன். கூடுதல் செலவு கிடையாது.

2023 ஜூலை 15 அன்று புது நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்த பிறகு, நூலக வெளிச்சம் பற்றி மாணவர்கள் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். டெண்டர் ஆவணங்களில் மேசை மட்டத்து லக்ஸைத்தான் எழுதுவார்கள், 300 என்று. மேசைக்கு அது சரி. புத்தகத்தின் முதுகோ செங்குத்தாக நிற்கிறது, அதுவும் கடைசித் தட்டில் முழங்காலுக்குக் கீழே. லக்ஸ் மீட்டரை அந்த முதுகோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். எழுத்தைப் படிக்க அங்கே 150 லக்ஸாவது வேண்டும் என்பது என் பிடிவாதம். அலமாரிச் சந்தின் நடுவே, இரண்டு பக்கமும் சாய்வாக ஒளி வீசும் லென்ஸ் உள்ள ஃபிட்டிங் போட்டால் அது கிடைக்கும். சாதாரண பேனல் லைட் போட்டால் மேல்தட்டும் தரையும் பளிச்சென்று இருக்கும், கீழ்த்தட்டுப் புத்தகத்தை யாரும் எடுக்கமாட்டார்கள்.

அருங்காட்சியகம் வேறு உலகம். ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959இல் திறக்கப்பட்ட காந்தி நினைவு அருங்காட்சியகத்தில், சுடப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்த ரத்தம் தோய்ந்த துணி இருக்கிறது. துணி, காகிதம், சாயம் போன்றவற்றுக்கு 50 லக்ஸுக்கு மேல் வேண்டாம் என்பது உலகம் முழுக்க அருங்காட்சியகத்தார் வைத்திருக்கும் வரம்பு. ஒளி செய்யும் கேடு கூடிக்கொண்டே போகும், திரும்பாது. ஒரு நாள் 500 லக்ஸில் வைப்பதும் பத்து நாள் 50 லக்ஸில் வைப்பதும் துணிக்கு ஒன்றுதான். அறுபது வயதுக் கண் அந்த 50 லக்ஸில் எதைப் பார்க்கும்? பார்க்கும், வழியை ஒழுங்காக அமைத்தால். அறைக்கு அறை 200, 120, 70 என்று இறக்கிக்கொண்டே வந்து, அடர் நிறச் சுவருக்கு முன்னால் அந்த ஒரு துணியை மட்டும் ஒளியில் நிறுத்தினால், அதற்குள் கண் பழகியிருக்கும். வாசலில் செய்ததற்கு நேர் எதிரான வேலை இது.

2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகம் போன்ற இடங்களில் அந்த அச்சம் குறைவு. சுட்ட மண்ணுக்கு ஒளியால் கேடில்லை. அங்கே ஒளி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதுதான் எல்லாம். பானையோட்டில் கீறிய தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தை நேர் எதிரே நின்று ஒளியூட்டினால் ஓடு மட்டும் தெரியும். ஓட்டின் பரப்பைத் தடவிக்கொண்டு போகும்படி பக்கவாட்டிலிருந்து தாழ்வாக ஒளியை விட்டால், ஒவ்வொரு கீறலும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் மனம் நிறைந்துவிடுகிறது.

பெருங்குடி விமான நிலையத்தைச் சுற்றியுள்ள கிடங்குகளுக்கும் மைதானங்களுக்கும் உயரக் கம்பத்தில் விளக்கு போடுகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன். ஃபிட்டிங்கின் கண்ணாடி முகம் தரையைப் பார்த்துத் தட்டையாக இருக்கட்டும், இறங்கும் விமானியின் கண்ணில் ஒளி படக்கூடாது.

எல்லாக் கணக்கையும் கடைசியில் தீர்மானிப்பது சித்திரை வெயிலும் புழுதியும்தான். கேட்லாக்கில் 50,000 மணி நேரம் என்று போட்டிருப்பதை, 25 டிகிரிச் சூழலுக்கு என்று சேர்த்துப் படிக்க வேண்டும். மொட்டைமாடிக்குக் கீழே ஃபால்ஸ் சீலிங் இடுக்கில் ஏப்ரல் மாதம் 40 டிகிரிக்கு மேல் இருக்கும். எல்.இ.டி.க்கு மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும் டிரைவருக்குள் இருக்கும் கப்பாசிட்டரின் ஆயுள், வெப்பம் பத்து டிகிரி ஏறினால் ஏறத்தாழப் பாதியாகும். அதனால் டிரைவர்களை இடுக்கிலிருந்து வெளியே எடுத்து, கை எட்டும் உயரத்தில் ஒரு பெட்டியில் வைக்கச் சொல்கிறேன். மழைக்கால ஈசல் உள்ளே புகாதபடி விளக்கை அடைத்து வாங்கச் சொல்கிறேன். ஐந்தாம் வருஷம் தூசி படிந்த பிறகு மிஞ்சும் வெளிச்சத்துக்குத்தான் கணக்குப் போடுகிறேன். வரைபடம் முடிந்ததும் முதலில் எலக்ட்ரீஷியனிடம் காட்டுவேன். “இதுல ஏணிய எங்கண்ணே சாத்துறது?” என்று அவர் கேட்டால் அந்த விளக்கை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவேன்.

ஒப்படைக்கும் நாளில், எந்த விளக்குக்கு எத்தனை மில்லியாம்பியர் டிரைவர் என்பதைத் தமிழில் எழுதி அந்தப் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டச் செய்கிறேன். பழுதானதைக் கழற்றிவிட்டுக் கடையில் கிடைத்த 700 மில்லியாம்பியர் டிரைவரை 350 இருந்த இடத்தில் மாட்டினால், 50 லக்ஸ் 90ஐத் தாண்டிவிடும். பார்க்க வருகிறவர்கள் நன்றாகத் தெரிகிறது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். துணி வெளிறுவது தெரிய வருஷங்கள் ஆகும்.